புகை வராத கணப்பு

ஹாமார்
4 மார்ச் 2004

அன்புள்ள சிக்னே அக்கா,

இங்கே நலம். உன் நலம் அறிய ஆவல். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காது இன்னும் மந்தமாகிவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். தொலைபேசியில் நான் கத்த, நீ “என்ன, என்ன” என்று கேட்க, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பதைவிடக் கடிதமே மேல். எனக்கும் யோசித்துச் சொல்ல நேரம் கிடைக்கிறது.

ஒரு விஷயத்துக்கு உன் சம்மதம் வேண்டும். வீடு நம் இருவர் பெயரிலும் இருப்பதால் கேட்காமல் செய்வது முறையல்ல. கூடத்தில் விறகு எரித்துக் குளிர்காயும் கணப்பை மாற்றலாமா என்று யோசிக்கிறேன். அப்பா ஏரிக்கரைக் கற்களைச் சுமந்து வந்து கட்டியது என்பதை மறக்கவில்லை. ஆனால் அதன் வாய் மிகப் பெரியது. சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. புகையில் ஒரு பகுதி கூடத்துக்குள் வருகிறது. விறகு வீணாகிறது, சுவர் கறுக்கிறது. புகைபோக்கி துடைக்க வந்தவர் உள்ளே விரிசல் இருப்பதாக வேறு சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவு வைத்த வார்ப்பிரும்புப் பெட்டியை உள்ளே பொருத்தி, புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்கி, முகப்புக்கு மாக்கல் பலகை பதிக்கலாம் என்கிறார்கள். இவை போதுமான காரணங்கள்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நீ யோசித்துச் சொல்.

வேறு செய்தி இல்லை. வியாழக்கிழமைகளில் குறுக்கெழுத்துப் போட ஹெர்டிஸ் வருவார். அக்டோபரிலிருந்து வரவில்லை. மே மாதம் பிறந்தால் வருவார்.

காதைக் குளிரில் காட்டாதே.

தம்பி
ஹால்டோர்


வார்டோ
19 மார்ச் 2004

அன்புத் தம்பி ஹால்டோர்,

நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். சில நாட்களாகக் கடல் காற்று வாசல் கதவைத் திறக்க விடவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தக் கணப்பு இத்தனை வருடமாக உன் மேல் புகை விட்டது, நீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகம் படித்தாய். இப்போது திடீரென்று விறகு வீணாவது உனக்கு உறைத்துவிட்டதாக்கும். அப்பா இருந்தால், “கல்லுக்கு என்னடா கேடு? ஜன்னலைத் தொற, புகை போயிரும்” என்று சொல்லியிருப்பார்.

வேறு செய்தி இல்லை என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழேதான் செய்தியை எழுதியிருக்கிறாய். யார் அந்த ஹெர்டிஸ்? மே மாதம் வரை ஏன் வரமாட்டார்? குளிர்காலம் முழுக்கத் தூங்குவதற்கு அவர் என்ன கரடியா?

இதற்குப் பதில் வந்த பிறகு கணப்பைப் பற்றிப் பேசலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
சிக்னே


ஹாமார்
6 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்கா,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். இங்கே ஏரியில் பனி உருகத் தொடங்கிவிட்டது. உன் பக்கம் காற்று அடங்கியதா?

ஹெர்டிஸ் கரடி அல்ல. ஓய்வுபெற்ற நீச்சல் ஆசிரியை. இந்த ஊரில் பாதிப் பேர் மூழ்காமல் இருப்பதற்கு அவர்தான் காரணம். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. குளிர்காலத்தில் வராததற்கு அவரே காரணம் சொல்லியிருக்கிறார்: “நான் தண்ணியிலயே வளந்தவ. நெருப்புப் பக்கத்துல உக்காந்தா மெழுகு மாதிரி உருகிடுவேன்.” வந்த ஒன்றிரண்டு முறையும் நாற்காலியை வாசலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வந்தவரை நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதுதானே நம் ஊர் உபசாரம். எனக்குக் கூச்சமாக இருந்தது. மேல்கோட்டைக் கழற்றாமலே குறுக்கெழுத்துப் போட்டோம். அதன் பிறகு வசந்தம் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

சூடு ஆகாது என்பது அவர் சொன்ன காரணம். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. மருந்துக்கடையில் வாழ்நாளைக் கழித்தவன் நான். கடையில் தெரிந்துகொண்டதைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். ஓய்வுபெற்றுவிட்டதால் அந்த விதி மாறிவிடாது என்று நினைக்கிறேன்.

கணப்பு விஷயத்தில் உன் முடிவுக்குக் காத்திருக்கிறேன். அவசரம் இல்லை. ஆனால் கொத்தனார் கோடையில்தான் கிடைப்பாராம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி
ஹால்டோர்


வார்டோ
25 ஏப்ரல் 2004

அன்புத் தம்பி,

ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்லை. நீயும் ஈரக் காற்றில் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே.

“கடையில் தெரிந்துகொண்டது” என்றும் எழுதுகிறாய், “எழுத உரிமை இல்லை” என்றும் எழுதுகிறாய். ரகசியம் காப்பதில் நீ கெட்டிக்காரன்தான். புகை இருக்கும் இடத்தில் உட்கார முடியாத ஒரு பெண்மணி உன் மருந்துக்கடைக்கு வந்துகொண்டிருந்தார். நான் எதையும் ஊகிக்கவில்லை என்றே வைத்துக்கொள்.

கணப்பை இடி. எனக்கு முழுச் சம்மதம். அப்பாவுக்குக் கல் சுமக்கத் தெரியும், கட்டத் தெரியாது. முதல் நாள் நெருப்பு மூட்டியபோதே அம்மாவுக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. அம்மா சாகும்வரை அதற்கு முன்னால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “எவ்வளவு கதகதப்பா இருக்கு” என்றுதான் சொன்னாள். நம் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் சொன்னதில்லை, ஹால்டோர். நீயாவது சொல்லிப் பழகு.

அக்கா
சிக்னே


ஹாமார்
17 ஜூன் 2004

அன்புள்ள அக்கா,

நீ சம்மதித்ததற்கு நன்றி. உன் கடைசி வரிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருமல் ஏதும் இல்லையே உனக்கு?

வேலை தொடங்கிவிட்டது. கொத்தனார் பெயர் பெர்ன்ட். வாய் ஓயாத மனிதர். முதல் கல்லைப் பெயர்த்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“மருந்துக்கடை ஐயா, இதக் கட்டினது யாரு?”

“எங்க அப்பா.”

“நல்ல மனுஷனா?”

“ரொம்ப நல்லவர்.”

“அப்பச் சரி. ஏதாவது ஒண்ணாவது நல்லா இருந்திருக்கணுமே.”

கோபப்பட வேண்டுமா, சிரிக்க வேண்டுமா என்று முடிவு செய்வதற்குள் அவர் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.

வீடெல்லாம் தூசி. அதனால் ஹெர்டிஸ் வந்தால் தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில் உட்காருகிறோம். மாக்கல் மாதிரிகள் இரண்டு வந்திருந்தன, ஒன்று சாம்பல், ஒன்று இளம்பச்சை. இரண்டின் கனத்தையும் அளந்து, வெயிலிலும் நிழலிலும் வைத்துப் பார்த்தும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

“உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?” என்று ஹெர்டிஸைக் கேட்டேன்.

“எனக்கு எதுக்குப் பிடிக்கணும்? வீடு உங்களுது.”

“இல்ல, சும்மா ஒரு அபிப்பிராயம்.”

“சும்மா அபிப்பிராயம் கேக்கறவர் இப்படி வேர்க்க மாட்டாரே, ஹால்டோர்.” பூவாளியை எடுத்து இரண்டு கல்லின் மேலும் தண்ணீர் ஊற்றினார். “நனைஞ்சாத்தான் கல்லோட குணம் தெரியும். இந்தப் பச்சைய வைங்க. நீச்சல் குளத்தோட அடித்தரை மாதிரி இருக்கு. பாத்தாலே குதிக்கத் தோணுது.”

பச்சையே சொல்லிவிட்டேன்.

தம்பி
ஹால்டோர்


வார்டோ
9 ஜூலை 2004

அன்புத் தம்பி,

இருமல் இல்லை. இந்த வடகோடியில் இப்போது நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை, அதனால் தூக்கம்தான் இல்லை. நீ நன்றாகத் தூங்குகிறாயா?

ஒரே கேள்விதான். அந்தக் கல்லை யாருக்காகத் தேர்ந்தெடுத்தார் என்று ஹெர்டிஸுக்குத் தெரியுமா? சொன்னாயா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்

அக்கா
சிக்னே


ஹாமார்
22 செப்டம்பர் 2004

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. நலமாக இருக்கிறேன். உனக்கு நல்ல தூக்கம் திரும்பியிருக்கும் என்று நம்புகிறேன்.

கணப்பு முடிந்துவிட்டது. அப்பாவின் கற்கள் இருந்த இடத்தில் வழுவழுப்பான பச்சை மாக்கல். நடுவே கரிய வார்ப்பிரும்பு, அதில் பெரிய கண்ணாடிக் கதவு. புதுப் பூச்சு காயும்வரை பெருநெருப்பு கூடாது என்று பெர்ன்ட் எச்சரித்துப் போனார். அதனால் சுள்ளிகளை மட்டும் வைத்துத் தினமும் கொஞ்சம் மூட்டுகிறேன். புகை ஒரு இழைகூட வெளியே வரவில்லை. வெள்ளைக் கைக்குட்டையைக் கதவோரம் தொங்கவிட்டுப் பார்த்தேன், வெள்ளையாகவே இருந்தது. வாசலோரம் அமர்ந்தே பழகியவர் உள்ளே வந்தால் குளிர்காற்று படக்கூடாது என்று ஜன்னல் சந்துகளை எல்லாம் ரப்பர் பட்டையால் நானே அடைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, ஹெர்டிஸைச் சாப்பிட அழைத்திருக்கிறேன். “அக்டோபர்லயா?” என்று கேட்டார். பிறகு, “கொஞ்ச நேரம் இருக்கேன்” என்றார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: இன்னும் சொல்லவில்லை. தம் உடம்பைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊருக்கே மூச்சுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவர் மறைப்பது எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? கணப்பே சொல்லிவிடும் என்று இருக்கிறேன்.

தம்பி
ஹால்டோர்


வார்டோ
30 அக்டோபர் 2004

அன்புத் தம்பி,

நலம்தானே? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. தபால்காரன் இரண்டு வாரமாக என் வாசலைக் கண்டுகொள்ளாமல் போகிறான்.

பதினான்காம் தேதி என்ன ஆயிற்று? இந்த மாதிரி நேரத்தில் யோசித்து எழுத வேண்டாம். நாலு வரி போதும்.

அக்கா
சிக்னே


வார்டோ
18 நவம்பர் 2004

ஹால்டோர்,

உன் பக்கத்து வீட்டு எண்ணைக் கண்டுபிடித்து, மீன் கடைக்காரர் மகளை விட்டுப் பேசச் சொன்னேன். நீ உயிரோடு இருக்கிறாயாம், பால் வாங்குகிறாயாம், யாருடனும் பேசுவதில்லையாம். அவ்வளவு தெரிந்தது. மீதியை நீ சொல். நீ சின்னப் பையனாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாய். உன்னை வெளியே இழுத்தது நான்தான். இப்போது அவ்வளவு தூரம் குனிய முழங்கால் விடாது. நீயே வெளியே வா.

அக்கா
சிக்னே


ஹாமார்
27 நவம்பர் 2004

அன்புள்ள அக்கா,

உன்னைக் கவலைப்பட வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் வேகவைத்தேன். ஹெர்டிஸ் வந்து, வாசலோரம் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு அடியாக உள்ளே வந்து, கணப்புக்கு எதிரே இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றினார். கல்லைத் தொட்டுப் பார்த்து, “என் நீச்சல் குளம்” என்றார். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சந்தோஷம் தாங்கவில்லை.

சமையல் வாடைகூட அவருக்குத் தொந்தரவு ஆகிவிடக் கூடாதே என்று அடுப்புக்கு மேலே இருக்கும் புகை உறிஞ்சும் விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டேன். திரும்பி வந்து, விறகு போடக் கணப்பின் கதவைத் திறந்தேன். அக்கா, பெட்டிக்குள் இருந்த புகை அத்தனையும் ஒரே மூச்சாகக் கூடத்துக்குள் வந்தது. அப்பாவின் கணப்பில்கூட அவ்வளவு புகை வந்ததில்லை.

ஹெர்டிஸ் எழுந்துவிட்டார். நெஞ்சில் ஒரு கை. முகத்தில் சிரிப்பு, அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “அடுப்புல பாத்திரத்த வெச்சுட்டு வந்துட்டேன் போல” என்று சொல்லிக் கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் வெளியேறினார். ஜன்னல் வழியே பார்த்தேன். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். என்னவென்று எழுதமாட்டேன். கோட்டை மாட்டிக்கொண்டு வாசற்படிவரை வந்துவிட்டேன். அவர் நிமிர்ந்தார், நடந்தார். போய்த் தாங்கியிருந்தால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். படியிலேயே நின்றுவிட்டேன்.

பிறகு பல நாள் சோதித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். மெழுகுவர்த்தியைக் கணப்புக் கதவருகே பிடித்தேன். விசிறி ஓடினால் சுடர் கூடத்தை நோக்கிச் சாய்கிறது, நிறுத்தினால் நெருப்பை நோக்கிச் சாய்கிறது. ஜன்னல்களை எல்லாம் நான் அடைத்துவிட்டதால் விசிறிக்கு வேறெங்கும் காற்று கிடைக்கவில்லை. புகைபோக்கி வழியாகவே இழுத்திருக்கிறது. கணப்பில் குறை இல்லை. குறை என் முன்ஜாக்கிரதையில் இருந்தது.

அவர் வரவில்லை. கணப்பை மூட்டுவதை நிறுத்திவிட்டேன். மின்கணப்பு ஒன்று வைத்திருக்கிறேன், போதும்.

தம்பி
ஹால்டோர்


வார்டோ
9 டிசம்பர் 2004

அன்புத் தம்பி,

கடிதம் கண்டதும் நிம்மதி. மின்கணப்பு போதும் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு உன் தலையில் குட்ட வேண்டும் போல இருந்தது.

மெழுகுவர்த்தியிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாய். ஹெர்டிஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் புதுக் கணப்பும் பழையது மாதிரியே என்று நினைத்துக்கொண்டு அவர் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு மேல், தான் ஓடி வந்ததால் உன் மனம் நொந்திருக்கும் என்றும் நினைப்பார். எனக்கு அவரைத் தெரியாது, ஆனால் நான் அவராக இருந்தால் அதைத்தான் நினைப்பேன்.

அவர் மூச்சைப் பற்றி நீ பேச வேண்டாம், உன் விதி உன்னோடு இருக்கட்டும். விசிறியைப் பற்றிப் பேசு. அது மருந்துக்கடை ரகசியம் இல்லையே. கடுதாசி எழுதாதே, நடந்து போ. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் போனால் யாரும் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பமாட்டார்கள்.

கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு போ.

அக்கா
சிக்னே


ஹாமார்
18 ஜனவரி 2005

அன்புள்ள அக்கா,

புத்தாண்டில் உன் முழங்காலும் காதும் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்கட்டும். எழுத்து சிறியதாக இருந்தால் பொறுத்துக்கொள். பேனா சத்தமில்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே போனேன். அவர் வீட்டுக் கூடத்தில் ஜன்னல் பாதி திறந்திருந்தது. கேக்கும் காபியும் வைத்தார். நான் விசிறியைப் பற்றிச் சொன்னேன். காற்றழுத்தத்தைப் பற்றிச் சொன்னேன். மெழுகுவர்த்திச் சுடர் சாய்ந்த விதத்தைக் கையால் காட்டினேன். ரப்பர் பட்டைகளைப் பிய்த்துவிட்டதையும், இனி நெருப்பு எரியும்போது விசிறியைத் தொடப்போவதில்லை என்பதையும் சொன்னேன். வெகுநேரம் பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். காபி ஆறிவிட்டது.

“இதச் சொல்லவா இந்தப் பனியில நடந்து வந்தீங்க?”

“ஆமா.”

“அந்தப் புகை எனக்கு என்ன பண்ணும்னு நெனச்சீங்க?”

“உங்களுக்குச் சூடு ஆகாதுன்னு சொல்லியிருக்கீங்க.”

“ஹால்டோர், முப்பது வருஷம் எனக்கு மருந்து எடுத்துக் குடுத்தது நீங்க. ஒரு நாளாவது ‘எப்படி இருக்கு?’ன்னு கேட்டிருக்கீங்களா?”

“கடையில பின்னால ஆளுங்க நிப்பாங்க. காதுல விழுமே.”

அவர் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதுக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் அந்த ஓரத்து ஜன்னலுக்கு வரச் சொல்லிக் குடுத்தீங்களா? நான் என்னவோ உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன்.”

“அய்யோ, இல்ல.”

“இங்க பின்னால யாரும் நிக்கல. கேளுங்க.”

கேட்டேன். சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். கணவருக்குக்கூடப் பாதிதான் சொல்லியிருந்தாராம். கிளம்பும்போது, “வார்டோ அக்காவுக்கு எழுதுவீங்கல்ல, எழுதுங்க. நீச்சல்காரிக்கு ஆஸ்துமான்னு சொல்லுங்க. சிரிக்கட்டும்” என்றார். ஆகவே எழுதுகிறேன், அக்கா. ஹெர்டிஸுக்கு ஆஸ்துமா. கணப்பை மாற்றியது அதற்காகத்தான். விறகுக்காக அல்ல, விரிசலுக்காக அல்ல. உன்னிடம் மார்ச் மாதமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், அவர் அப்போது இந்த அனுமதியைத் தரவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. குறுக்கெழுத்துக்கு உரிய நாள் அல்ல. “இந்தப் பக்கமா வந்தேன்” என்று சொல்லிக்கொண்டு மத்தியானம் வந்தார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் எந்தப் பக்கமும் இல்லை, ஒரே தெருதான். நாற்காலியைக் கணப்புக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். பேசிக்கொண்டே இருந்தவர் பாதிப் பேச்சில் தூங்கிவிட்டார். விறகு எரிந்து முடியப் போகிறது. கதவைத் திறந்தால் சத்தம் கேட்டு விழித்துவிடுவார் என்று நான் புதிதாகப் போடவில்லை. மாக்கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெருப்பு அடங்கினாலும் வெகுநேரம் அறை குளிராது.

இதற்குள் இரண்டு முறை எழுந்து போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் மேல் போர்த்திய சால்வை ஒரே சீராக ஏறி இறங்குகிறது. கடை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அத்தனை வருடம் அந்த மூச்சின் இழுப்புச் சத்தத்தைக் கேட்டவன் நான். இன்று, இவ்வளவு அமைதியான கூடத்தில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்கவே இல்லை.

உன் தம்பி
ஹால்டோர்